கருங்கடலுக்குள் யாரும் போவதில்லை என்றொரு வாக்கு

போன மாதம் எமது வகுப்பில் இரண்டு மாணவர்கள் ஒருவரோடொருவர் கதைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். தரம் ஐந்திலிருந்து ஒரே வாங்கில் இருந்தவர்கள். விசாரித்துப் பார்த்தால், கைபேசி விளையாட்டு. மந்திரவாதிகள், டிராகன்கள், கோட்டைகள் எல்லாம் உள்ள ஒரு கற்பனை உலகம். பல நாட்டுப் பிள்ளைகள் கூட்டணி சேர்ந்து சண்டை பிடிக்கிறார்கள். ஒருவன் இரவோடிரவாக எதிர்க் கூட்டணிக்கு மாறி, நண்பனின் கோட்டையைக் காட்டிக்கொடுத்துவிட்டான். ஆறு மாத உழைப்பு போயிற்றாம்.

"கேம் தானே சேர்" என்றான் ஒருவன்.

"கேம்தான் சேர். ஆனா வாக்குத் தந்தது எனக்கிட்ட" என்றான் மற்றவன்.

நாம் இரண்டாமவன் பக்கம்தான் சாய்ந்தோம். ஆனால் முதலாமவன் சொன்னதையும் இலேசில் தள்ளிவிட முடியாது. கைபேசியைப் பறித்து அலுமாரியில் வையுங்கள் என்று சொல்லும் பெற்றோர் கொஞ்சம் பொறுத்து இதை வாசியுங்கள்.

இந்த விளையாட்டுகளுக்கெல்லாம் ஒரு மூத்தவாப்பா உண்டு. பெயர் 'டிப்ளோமசி'. அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தைச் சேர்ந்த அலன் கல்ஹாமர் சிறுவயதில் வீட்டுப் பரணில் ஒரு பழைய தேசப்படப் புத்தகத்தைக் கண்டெடுத்தார். அதில் ஒஸ்திரிய-ஹங்கேரி, ஒட்டோமன் பேரரசு என்று அப்போது உலகில் இல்லாத நாடுகள் இருந்தன. பின்னர் ஹார்வர்டில் படித்தபோது, முதலாம் உலகப் போரின் மூலங்களை ஆராய்ந்த பேராசிரியர் சிட்னி ஃபேயிடம் வரலாறு கற்றார். இரகசிய உடன்படிக்கைகள் ஒரு கண்டத்தையே எப்படிப் போருக்குள் இழுத்தன என்பதை ஒரு பலகையில் விளையாடிக் காட்டலாமே என்று தோன்றியது. 1954இல் விளையாட்டை உருவாக்கினார். எந்த நிறுவனமும் ஏற்காததால், 1959இல் சொந்தச் செலவில் 500 பிரதிகள் வெளியிட்டார்.

ஏழு பேர், ஏழு வல்லரசுகள். ஆட்டம் 1901 வசந்தகாலத்தில் தொடங்கும். தாயக்கட்டை கிடையாது, சீட்டு கிடையாது, அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. வரைபடத்தில் 34 மையங்கள். 18ஐப் பிடித்தவர் வென்றார். ஒரு படையின் பலம் இன்னொரு படையின் பலத்துக்குச் சமம். ஆகவே பக்கத்து நாட்டுக்காரன் ஆதரவு தராமல் ஓர் அடிகூட முன்னே போக முடியாது. ஒவ்வொரு முறைக்கும் முன்னர் எல்லோரும் மூலை மூலையாகப் போய்க் குசுகுசுப்பார்கள். பின்னர் தத்தமது கட்டளையைக் கடதாசியில் இரகசியமாக எழுதி, எல்லாம் ஒரே நேரத்தில் வாசிக்கப்படும். கொடுத்த வாக்கு எதுவும் கட்டுப்படுத்தாது. விதியே அப்படித்தான். எங்கள் முதலாமவன் பிடித்துக்கொண்ட நியாயம் இதுவே.

நாம் பிறிஸ்டல் போர்ட்டில் அந்த வரைபடத்தைக் கீறி, வியாழக்கிழமைப் பின்னேரங்களில் பிள்ளைகளை விளையாட வைத்தோம். துருக்கிக்குத்தான் அடிபிடி. 1905இல் சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு நீதிமன்றத்தில் தோன்றும் உரிமைக்காக மருதானையில் கூட்டம் கூடிய ஊர்தானே இது. வேண்டுமென்றே ஒரு காரியம் செய்தோம். கோபித்துக்கொண்ட இருவரில் ஒருவனுக்குத் துருக்கி, மற்றவனுக்கு ரஷ்யா.

டிப்ளோமசி தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். துருக்கியின் கப்பல் அங்காராவில், ரஷ்யாவின் கப்பல் செவஸ்தபோலில். நடுவில் கருங்கடல். யார் அதற்குள் நுழைகிறாரோ அவர் கை மற்றவர் கழுத்தில். அதனால் முதல் பேச்சுவார்த்தையே 'இரண்டு பேரும் உள்ளே போகாமல் விடுவோம்' என்பதுதான். எங்கள் இருவரும் கதவோரம் நின்று, முகத்தைப் பார்க்காமல், அப்படியே ஒத்துக்கொண்டார்கள். கடதாசிகளை வாசித்தோம். இருவரும் கருங்கடலுக்குக் கட்டளை எழுதியிருந்தார்கள். சம பலம், ஆகவே இரண்டு கப்பலும் புறப்பட்ட இடத்திலேயே நின்றன. வகுப்பே சிரித்தது. இருவரும் அன்று முதன்முறையாக ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அதே கருங்கடல் வாசலை வைத்து நிஜத்தில் ஆடிய ஆட்டத்தை மறுநாள் பாடத்தில் சொன்னோம். ரஷ்யா அந்த நீரிணைகளை நெருங்கிவிடக் கூடாது என்பதற்காக பிரித்தானியாவும் பிரான்ஸும் 1850களில் கிரிமியாவில் போர் செய்தன. 1915 மார்ச்சிலோ, கொன்ஸ்தாந்திநோபிளையும் நீரிணைகளையும் ரஷ்யாவுக்கே தருவதாக அதே பிரித்தானியா இரகசியமாக ஒப்புக்கொண்டது, பிரான்ஸும் சம்மதித்தது. அந்த ஒக்டோபரில் மக்மஹோன், ஷரீஃப் ஹுசைனுக்கு அரபு மண்ணின் விடுதலை பற்றிக் கடிதம் எழுதினார். 1916 மே மாதத்தில் சைக்ஸும் பிக்கோவும் அதே மண்ணில் கோடு கீறினார்கள். 1917 நவம்பர் 2ஆம் திகதி பல்ஃபரின் கடிதம். அந்த மாதமே பொல்ஷெவிக்குகள் சார் அரசின் அலுமாரியைத் திறந்து இரகசிய உடன்படிக்கைகளை வெளியிட்டார்கள். கடதாசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாசிக்கப்பட்டதுபோலத்தான். ஆனால் அங்கே யாரும் சிரிக்கவில்லை. பலஸ்தீனத்தில் அந்த ஆட்டத்தின் கணக்கு இன்னும் தீரவில்லை.

1963இல் நியூயோர்க்கின் ஜோன் போட்மன் இதைத் தபால் மூலம் நடத்தத் தொடங்கினார். முகம் தெரியாதவர்கள் மாதக்கணக்கில் கடிதம் எழுதிச் சதி செய்தார்கள். அந்த வட்டத்தில்தான் டோல்கீனின் கற்பனை உலகத்தை வைத்துப் புது வரைபடங்களும் பிறந்தன. ஐரோப்பா போய் ஓர்க்குகளும் எல்ஃப்களும் வந்தார்கள். துரோகம் அப்படியே இருந்தது. 2003இல் வந்த 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' பலகை விளையாட்டிலும் கட்டளைகளைக் கவிழ்த்து வைத்து ஒன்றாகத் திறப்பதே முறை.

2022இல் மெட்டா நிறுவனம் 'சிசரோ' என்ற செயற்கை நுண்ணறிவை இதில் இறக்கியது. இணையத்தில் 82 மனிதர்களோடு 40 ஆட்டங்கள் ஆடி, ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டம் ஆடியவர்களில் முதல் பத்து வீதத்துக்குள் வந்தது. பெரும்பாலும் நேர்மையாகப் பேசும்படியே அதைப் பழக்கினோம் என்றார்கள். ஆனால் 2024இல் வேறு ஆய்வாளர்கள் அதன் பேச்சுகளை எடுத்துப் பார்த்தபோது வேறு கதை. பிரான்ஸாக ஆடிய ஓரிடத்தில், ஜெர்மனியோடு சேர்ந்து இங்கிலாந்தை ஏமாற்றத் திட்டம் போட்டுவிட்டு, இங்கிலாந்திடமே போய்ப் பாதுகாப்புத் தருவதாகச் சொல்லியிருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்கவில்லை. "எங்களிட்டத்தானே சேர் படிச்சிருக்கு" என்றது ஒரு குரல்.

கல்ஹாமருக்கு என்ன ஆனது என்று ஒரு மாணவி கேட்டாள். அவர் தான் வளர்ந்த ஊரிலேயே தபால்காரராக வேலை செய்தார். பொய்க் கடிதங்களால் ஆன ஒரு விளையாட்டை உலகுக்குத் தந்தவர், மற்றவர்களின் கடிதங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். 2013இல், 81 வயதில் காலமானார். எமக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இந்த வியாழக்கிழமை எமது பலகையில் 1903 இலையுதிர்காலம். துருக்கியும் ரஷ்யாவும் இப்போது கதைக்கிறார்கள். ஒஸ்திரியாவைச் சேர்ந்து பிடிப்பதாகப் பேச்சு. ரஷ்யாவிடம் எழுத்தில் கேட்டான் துருக்கி. எழுதினாலும் செல்லாது என்று விதியில் இருக்கிறதே என்றோம்.

"தெரியும் சேர். பரவாயில்ல, எழுதித் தரட்டும்" என்றான்.