வடபுலத் தலைவரும் மலையக மக்களும்

ஒரு தலைவரின் பெருமையை அளக்கக் கோல்கள் பல உண்டு. வென்ற தேர்தல்களை எண்ணுவோர் உளர். வகித்த பதவிகளை அடுக்கிக் காட்டுவோர் உளர். திரண்ட கூட்டங்களைச் சுட்டுவோரும் உளர். தமக்கு வாக்களிக்காத மக்களுக்காக, வாக்களிக்கவே இயலாத மக்களுக்காக, ஒருவர் எதனை இழக்க முன்வந்தார் என்பதும் ஒரு கோலே. அக்கோல் கொண்டு அளக்கத் தக்க தலைவர்களுள் ஒருவர், ஈழத்தின் வடபுலம் தந்த எஸ். ஜே. வே. செல்வநாயகம். 'தந்தை செல்வா' என்று மக்கள் அன்போடு அழைத்த அப்பெருமகனாரின் வரலாறு, பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்து எலெக்ட்ரானிக் சிட்டியில் குடும்பம் அமைத்துள்ள நமக்குத் தனிப்பட்ட முறையிலும் நெருக்கமானது. அதன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புலம்பெயர்ந்தோர் குடும்பத்துப் பிள்ளை

செல்வநாயகம் 1898ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் பிறந்தார். பிறந்த இடம் யாழ்ப்பாணம் அன்று. மலாயா நாட்டின் ஈப்போ நகரம். அந்நாளில் யாழ்ப்பாணத்துக் கல்விமான்கள் பலர் மலாயாவுக்குக் கப்பலேறினர். இவருடைய தந்தையார் வேலுப்பிள்ளையும் அவர்களுள் ஒருவர். பிள்ளைகளின் கல்வியைக் கருதித் தாயார் அவர்களை அழைத்துக்கொண்டு தெல்லிப்பழைக்குத் திரும்பியபொழுது, செல்வநாயகம் சின்னஞ்சிறுவர். தந்தை ஓர் ஊரில், தாயும் மக்களும் வேறோர் ஊரில் என்னும் வாழ்க்கையின் சுமை என்னவென்று நம்மில் பலருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தெல்லிப்பழை யூனியன் கல்லூரியிலும், யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியிலும், பின்னர்த் தென்னிலங்கையில் புனித தோமையார் கல்லூரியிலும் பயின்ற இவர், 1918இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டத்தைப் பெற்றார். சில காலம் ஆசிரியப் பணி புரிந்தபின் சட்டம் பயின்று, உரிமையியல் வழக்குகளில் கொழும்பு நகரம் மதிக்கும் வழக்கறிஞராக உயர்ந்தார். இவர் சொன்மாரி பொழியும் பேச்சாளர் அல்லர்; மெலிந்த உடல், தணிந்த குரல், அளந்து பேசும் இயல்பு. கிறித்தவராகிய இவரைச் சைவம் தழைத்த யாழ்ப்பாண மண் தன் தலைவராக ஏற்றுக்கொண்டது என்பதும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

1944இல் ஜி. ஜி. பொன்னம்பலம் தோற்றுவித்த அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசின் வேட்பாளராக நின்று, 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கேசன்துறைத் தொகுதியில் செல்வநாயகம் வென்றார். அடுத்த ஆண்டே அவரைச் சோதிக்கும் கேள்வி நாடாளுமன்றத்தின் முன் வந்தது.

பாட்டன் பிறந்த இடம் எது?

ஆங்கிலேயர் ஆட்சியில் முதலில் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் உழைக்கவெனத் தமிழகத்திலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாக இலங்கைக்குக் கொண்டு செல்லப்பெற்றனர். திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளின் உழவர்கள் கங்காணியின் சொல்லை நம்பிக் கடல் கடந்தனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தபோது மாண்டவர் பலர். எஞ்சியவர்கள் காடு திருத்தினர். மலைச்சரிவுகளில் தேயிலை நட்டனர். இலங்கையின் ஏற்றுமதி வருவாய்க்கு முதுகெலும்பாயினர். இரண்டு மூன்று தலைமுறைகள் அம்மண்ணிலேயே பிறந்து, அம்மண்ணிலேயே மடிந்தன.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் அங்குப் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்குப் பிறந்தவர்கள் என்றோ மெய்ப்பிக்க வேண்டும் என்றது. லயன் அறையில் பிறந்து லயன் அறையில் இறந்த கூலித் தொழிலாளியிடம் பிறப்புச் சான்று ஏது? ஏறத்தாழ 7 இலட்சம் பேர் நாடற்றவர் ஆயினர். 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டம் அவர்களின் வாக்கையும் பறித்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப்பின் இலங்கை இந்தியக் காங்கிரசின் குரல் நாடாளுமன்றத்தில் இல்லாமற் போயிற்று.

இதில் ஒரு முரணைக் காணலாம். மலாயாவில் பிறந்த செல்வநாயகத்தின் உரிமைக்கு அச்சட்டத்தால் ஊறு நேரவில்லை. மலைநாட்டிலேயே பிறந்த தொழிலாளிக்கு நேர்ந்தது. பிறந்த இடத்தைவிடப் பாட்டன் பிறந்த இடமே சட்டத்தின் கண்ணில் பெரிதாயிற்று.

கட்சியைத் துறந்த துணிவு

1948ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமிழ்க் காங்கிரசு எதிர்த்தது உண்மை. ஆயினும் அவ்வாண்டிலேயே பொன்னம்பலம் டி. எஸ். சேனநாயக்காவின் அரசில் அமைச்சராகச் சேர்ந்தார். உள்ளே இருந்துகொண்டே தமிழர்க்கு ஆவன செய்யலாம் என்பது அவர் தரப்பு வாதம். தொழிற்சாலைகள் சில வடக்கிலும் கிழக்கிலும் எழ அவருடைய அமைச்சுப் பணி உதவியது என்பதையும் நடுநிலையோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

செல்வநாயகம் அவ்வழியை ஏற்கவில்லை. மலையகத் தமிழரின் வாக்கைப் பறித்த அரசோடு கைகோத்தல் முறையன்று என்றார். இன்று குடியுரிமையின் பெயரால் அவர்கள்மீது விழும் அடி, நாளை மொழியின் பெயரால் நம்மீதும் விழும் என்னும் கருத்துப்பட எச்சரித்தார். கு. வன்னியசிங்கம், மருத்துவர் இ. மு. வி. நாகநாதன் ஆகியோருடன் பிரிந்து, 1949 டிசம்பர் 18ஆம் நாள் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார்.

இதற்கு அவர் கொடுத்த விலை உடனே தெரிந்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கேசன்துறை மக்கள் அவரைத் தோற்கடித்தனர். அவருடைய கட்சி வென்றவை இரண்டே தொகுதிகள். மலைநாட்டுத் தொழிலாளிக்காகப் பேசியதால் யாழ்ப்பாணத்தில் வாக்கு மிகுதியாகாது. அத்தொழிலாளியிடமோ அளிப்பதற்கு வாக்கே இல்லை. இதனை அறியாதவர் அல்லர் செல்வநாயகம். அறிந்தே செய்தார் என்பதில்தான் அவருடைய பெருமை அடங்கியுள்ளது.

ஒப்பந்தங்களும் ஏமாற்றங்களும்

எச்சரித்தது சில ஆண்டுகளிலேயே மெய்யாயிற்று. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்தது. அவ்வாண்டு ஜூன் 5ஆம் நாள் கொழும்புக் காலிமுகத்திடலில் அறவழியில் அமர்ந்த தமிழரசுக் கட்சியினர் கும்பலால் தாக்கப்பெற்றனர். அவ்வாண்டுத் தேர்தலில் பத்துத் தொகுதிகளை வென்று வடகிழக்கின் முதன்மைக் கட்சியாக எழுந்த பின்னரும், செல்வநாயகம் தோட்டத் தொழிலாளரை மறக்கவில்லை. ஆகஸ்டில் திருகோணமலை மாநாடு முன்வைத்த நான்கு கோரிக்கைகளுள், கூட்டாட்சி, மொழியுரிமை, அரசு நடத்திய குடியேற்றங்களை நிறுத்துதல் ஆகியவற்றோடு மலையக மக்களின் குடியுரிமையும் இடம்பெற்றது.

1957 ஜூலை 26ஆம் நாள் பிரதமர் பண்டாரநாயக்காவுடன் செய்த உடன்படிக்கை பிரதேச சபைகளுக்கு வழிகோலியது. குடியுரிமைச் சிக்கலோ விரைவில் ஆராயப்படும் என்ற அளவிலேயே நின்றது. அந்த உடன்படிக்கையும் 1958 ஏப்ரலில் எதிர்ப்புக்கு அஞ்சிக் கைவிடப்பட்டது. 1961இல் வடக்கிலும் கிழக்கிலும் அரசு அலுவலகங்களின் முன் நடந்த அறப்போராட்டம் படையால் ஒடுக்கப்பட்டு, தலைவர்கள் காவலில் வைக்கப்பெற்றனர். 1965 மார்ச்சு 24இல் டட்லி சேனநாயக்காவுடன் கண்ட உடன்பாடும் நிறைவேறவில்லை. இவ்வளவுக்கும் பிறகும் செல்வநாயகம் அறவழியை விட்டாரில்லை. அமைச்சர் பதவி ஒருநாளும் ஏற்றாரில்லை.

இதற்கிடையே மலையக மக்களின் தலைவிதியை இரு அரசுகள் எழுதின. 1964 அக்டோபர் 30ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கூறுபோட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் பின்னொரு நாள் பங்கீட்டுக்கு. அம்மக்களின் விருப்பத்தை ஒருவரும் கேட்கவில்லை. அவ்வாறு திரும்பியவர்கள் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் மட்டுமன்றி, நாம் வாழும் இக்கருநாடக மாநிலத்தின் சுள்ளியா, புத்தூர் வட்டாரங்களில் உள்ள இரப்பர்த் தோட்டங்களிலும் குடியமர்த்தப்பெற்றனர். இன்றும் அவர்களின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றனர்.

1972 மே மாதத்தில் திருகோணமலையில் உருவான தமிழர் கூட்டணியில் செல்வநாயகமும், பொன்னம்பலமும், தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானும் ஒன்றுகூடினர். குடியுரிமையை முன்னிட்டுப் பிரிந்தவர்கள் இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப்பின் மீண்டும் சேர்ந்த காட்சி அது. புதிய அரசியலமைப்பை ஏற்க மறுத்துத் தம் உறுப்பினர் பதவியை அவ்வாண்டு துறந்த செல்வநாயகம், 1975 பிப்ரவரி 6ஆம் நாள்வரை தள்ளிப்போடப்பட்ட இடைத்தேர்தலில் 16,470 வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார். 1976 மே 14இல் வட்டுக்கோட்டை மாநாடு தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேற்றியபொழுது, வடக்கு கிழக்குக்கு வெளியே வாழும் தம் மக்களின் நிலையைக் கருதித் தொண்டமான் அதிலிருந்து விலகி நின்றார். ஒரு குறையை நீக்க எழுந்த கோரிக்கை, யாருக்காக முதலில் பிரிவு நேர்ந்ததோ அம்மக்களை வெளியே விட்டுவிட்டது என்பது வரலாற்றின் வேதனை. நடுக்கு நோயால் நலிந்த உடலோடு உழைத்த தந்தை செல்வா 1977 ஏப்ரல் 26ஆம் நாள் மறைந்தார். மலையகத்தில் எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. பறித்தது ஓராண்டில், திருப்பித் தர ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

நமக்கு உரிய பாடம்

கோனப்பன அக்ரகாரமும் தொட்டதோகூரும் வயல் சூழ்ந்த சிற்றூர்களாய் இருந்த இடத்தில், 1970களின் பிற்பகுதியில் கியோனிக்ஸ் நிறுவனம் 332 ஏக்கரில் மின்னணு நகருக்கு வித்திட்டது. அந்நகரை நம்பி ஓசூர்ச் சாலை வழியே வந்தவர்கள் நாம். அத்திபெலே எல்லையைத் தாண்டியபோது நம் குடியுரிமையை எவரும் கேள்வி கேட்கவில்லை. முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பித்தால் இவ்வூர் வாக்காளர் பட்டியலில் நம் பெயரும் ஏறும். இந்திய அரசியலமைப்பு நமக்கு அளித்துள்ள இப்பேற்றின் அருமையை, மலையக வரலாற்றை அறிந்தவரே முழுமையாக உணர்வர்.

ஆயின் பேறு பெற்றதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. இன்று இந்நகரில் நாம் நிலைபெற்றவர்கள். வீடும் அட்டையும் வாக்கும் உடையவர்கள். நம் அடுக்குமாடிகளை எழுப்பும் ஒடியர்களும், பீகாரிகளும், வங்காளிகளும், வடகருநாடகத்து ஏழை உழவர்களும் தகரக் கொட்டகைகளில் தங்கியுள்ளனர். அவர்களுள் பலருக்கு வாக்கு சொந்த ஊரில், வேலை இங்கே. தேர்தல் நாளன்று ஊர் செல்லக் கூலியும் விடுப்பும் இல்லாமையால் வாக்கிருந்தும் இல்லாதவராகின்றனர். அவர்களின் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கேட்கவும், விண்ணப்பம் எழுதித் தரவும் ஒரு சங்கம் முன்வருமாயின், அதனால் அச்சங்கத்துக்கு உறுப்பினரும் சேரார், புகழும் சேராது. ஆதாயம் இல்லை என்று தெரிந்தே 1949இல் ஒரு வழக்கறிஞர் அத்தகைய பணியைத் தோளில் ஏற்றார். அவரைத் தந்தை என்று அழைக்கும் உரிமை, அவர் சென்ற வழியில் நாமும் ஓரடியேனும் நடக்கும்பொழுதே நமக்கு உண்டாகும்.