தேய்ந்த மெஷினைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

அரசாங்க அலுவலகத்தில் ஒரு பொருளைக் ‘கண்டம்’ செய்வதற்கு ஒரு முறை உண்டு. வாங்கிய வருஷம், வாங்கிய விலை, இதுவரை ரிப்பேருக்கு ஆன செலவு, இனி ஆகப்போகும் செலவு என்று நான்கு கட்டங்களை நிரப்பிக் கோப்பை மேலே அனுப்புவோம். முப்பது வருஷத்துக்கு மேல் எழுத்தர் நாற்காலியில் இருந்த நான் அப்படி எத்தனையோ கோப்புகளை எழுதியிருக்கிறேன். அந்தப் படிவத்தில் இல்லாத ஒரு கேள்வி உண்டு. அதைப் புரிந்துகொள்ள ஒரு பிரெஞ்சுக்காரரின் கதை உதவும்.

மார்க் இசம்பார்ட் புருனெல் 1769-இல் நார்மண்டியில் ஹாக்வில் என்ற கிராமத்தில் பிறந்தவர். மன்னர் கட்சி. அதனால் புரட்சி முற்றிய 1793-இல் உயிருக்குப் பயந்து அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார். (அதே 1793-இல்தான் நம் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது, 1816-இல்தான் பிரான்சுக்குத் திரும்பியது.) நியூயார்க் நகரத்தில் பொறியாளராக வேலை பார்த்துவிட்டு, 1799-இல் இங்கிலாந்துக்கு வந்தார்.

அப்போது ஆங்கிலேயக் கடற்படைக்குப் பெரிய தலைவலி கப்பி. பாய்மரக் கப்பல்களில் கயிறு ஓடும் இடமெல்லாம் மரக் கப்பி வேண்டும். எழுபத்து நான்கு பீரங்கி கொண்ட ஒரு போர்க்கப்பலுக்கு மட்டும் ஏறக்குறைய ஆயிரம் கப்பி. கடற்படை முழுமைக்கும் வருஷத்துக்கு ஒரு லட்சம். தனியார் பட்டறைகளில் பெரும் பகுதி கைவேலையாகவே நடந்தது.

புருனெல் இதற்கு மெஷின் வரைந்து 1801-இல் காப்புரிமை பெற்றார். கடற்படையில் சாமுவேல் பெந்தாம் என்ற அதிகாரி ஆதரவு தந்தார். மெஷின்களைச் செய்துகொடுத்தவர் ஹென்றி மாட்ஸ்லி என்ற அபாரமான கைகாரர். போர்ட்ஸ்மவுத் கப்பல் துறையில் மொத்தம் 45 மெஷின்கள் வரிசையாக நின்றன. ஒன்று எல்ம் மரத்தை அறுக்கும். ஒன்று துளை போடும். இன்னொன்றின் உளி மேலும் கீழும் இறங்கி அந்தத் துளையை நீளமாக்கும். மற்றொன்றில் பத்துக் கட்டைகளை ஒரே சக்கரத்தில் பூட்டிச் சுழற்றுவார்கள். அச்சைத் தொட்டுக்கொண்டு நகரும் கத்தி பத்தையும் ஒரே வளைவில் சீவிவிடும். உள்ளே சுழலும் உருளைக்கு லிக்னம் விட்டே என்ற மரம். பிரெஞ்சில் நாங்கள் கயாக் என்று படித்தது இதைத்தான். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம்.

1808-இல் அங்கே 1,30,000 கப்பிகள் செய்தார்கள். முன்பு 110 தேர்ந்த தொழிலாளிகள் செய்த வேலையைத் தொழில் தெரியாத 10 பேர் செய்தார்கள். கணக்கில் இது லாபம். மீதி நூறு பேருடைய உளிகளுக்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை. புருனெலுக்கும் பெரிய வாழ்வு வந்துவிடவில்லை. வேறு தொழில்களில் நஷ்டப்பட்டு 1821-இல் கடனுக்காகச் சிறைக்குப் போனார். தேம்ஸ் நதிக்கு அடியில் சுரங்கம் வெட்டியதெல்லாம் அதற்குப் பிறகு.

நான் சொல்ல வந்தது அந்த மெஷின்களின் ஆயுள். அவற்றில் சில 1960-கள் வரை வேலை செய்தன. நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல்! இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அவற்றில் சிலவற்றைப் பார்க்கலாம். உடம்பு முழுவதும் உலோகம், அது அசையாது. மரத்தைத் தொடும் உளியும் கத்தியும் தேயும். தேய்ந்தால் தீட்டலாம், மாற்றலாம். கடைசியில் அவை நின்றதற்குக் காரணம், நீராவிக் கப்பல்கள் வந்து மரக் கப்பியின் தேவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோனதுதான்.

இந்தக் கதை போன வருஷம் எனக்குப் பயன்பட்டது. முத்தியால்பேட்டையில் தெரிந்த தச்சர் ஒருவரிடம் ஒரு நகல் செதுக்கும் மெஷின் இருக்கிறது. நடுவில் ஒரு மாதிரிப் பொம்மை. அதன்மேல் ஒரு முள்ளை ஓட்டினால், பக்கத்தில் உள்ள நான்கு கட்டைகளிலும் நான்கு கத்திகள் அதே உருவத்தைச் செதுக்கும். பிரான்சிலிருந்து பென்ஷனோடு திரும்பிய ஒரு சொல்தா கப்பலில் கொண்டுவந்து, இவருடைய அப்பாவுக்கு விற்றது. இப்போது அதிர்வு. நான்கு கட்டையில் இரண்டில் ஆழம் மாறுகிறது. பூவிதழ் ஓரம் பிசிறடிக்கிறது. மகனுக்குக் கம்ப்யூட்டரில் ஓடும் புது மெஷின் வேண்டும். விலை ஏழு லட்சம். வீட்டு நகையை அடகு வைக்க வேண்டும். இரண்டு கூலியாட்களில் ஒருவரை நிறுத்தவும் வேண்டும்.

பிரெஞ்சில் இருந்த கையேட்டை எடுத்துக்கொண்டு, “சார், இதில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்று வந்தார். உதிரி பாகப் பட்டியலில் ‘பியேஸ் துஸூர்’ என்று ஒரு தனித் தலைப்பு இருந்தது. தேய்வதற்கென்றே உள்ள பாகங்கள் என்று அர்த்தம். பேரிங், வழிகாட்டிக் கம்பி, பெல்ட், கத்தி எல்லாம் அதில். வார்ப்பிரும்பு உடம்பு அதில் இல்லை. தேய்ந்திருந்ததெல்லாம் அந்தத் தலைப்புக்குக் கீழே உள்ளவைதான். உடம்பில் விரிசல் கிடையாது.

அதோடு நான் நிற்கவில்லை. “தம்பி, இரண்டு வருஷ ஆர்டர் நோட்டைக் கொண்டுவா” என்று மகனிடம் சொன்னேன். மூவரும் உட்கார்ந்து எண்ணினோம். பத்தில் ஏழு வேலை நாற்காலிக் கால், கதவுப் பூ என்று பழைய மாதிரிகளிலிருந்தே வந்தவை. அந்த மாதிரிகள் இருநூறுக்கு மேல், அவர் அப்பா கையால் செதுக்கியவை, பரணில் இருக்கின்றன. மீதி மூன்று, வாடிக்கையாளர் செல்போனில் காட்டும் புதுப் படங்கள்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கடைசல் பட்டறையில் பேரிங்கும் கம்பியும் மாற்றினார்கள். செலவு முப்பத்தெட்டாயிரம். புதுப் படங்களை வெளியே கூலிக்கு வெட்டி வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டு ஆட்களும் வேலையில் இருக்கிறார்கள். பத்தில் ஏழு, நாளை பத்தில் மூன்று ஆனால் மகன் சொன்னதுதான் சரி. அதை அவனிடமே சொல்லி, நோட்டைத் தொடர்ந்து எழுதச் சொல்லியிருக்கிறேன்.

மெஷின் செதுக்கினால் கைவேலை அழிந்துவிடும் என்ற பயமும் புதிதல்ல. 1845-இல் லண்டனில் ஜார்டன் என்பவர் ஒரு செதுக்கு மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். புதிதாகக் கட்டிய பாராளுமன்றக் கட்டடத்தின் மர வேலைக்கு அதைப் பயன்படுத்தினார்கள். மெஷின் உருவத்தை வெட்டிக் கொடுக்கும். கண்ணையும் இலை நரம்பையும் மனிதர்கள்தான் உளியால் முடித்தார்கள். முத்தியால்பேட்டையிலும் இன்று அதேதான்.

ஆகவே நம் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் பழைய மெஷினைத் தள்ளிவிடலாமா என்று கேட்டால், மூன்று விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்தது மாற்றக்கூடிய பாகமா, உடம்பா? அதைச் சரிசெய்யத் தெரிந்த கை பக்கத்தில் இருக்கிறதா? அந்த மெஷின் செய்யும் வேலை இன்னும் வருகிறதா? கண்டம் செய்யும் படிவத்தில் இல்லாதது இந்த மூன்றாவது கேள்வி. போர்ட்ஸ்மவுத் மெஷின்களை நிறுத்தியதும் அதுதான்.