மலக்குழி மரணமும் பாதுகாப்புக் கவசம் என்னும் சாக்கும்: பணியிடப் பாதுகாப்பின் சில அடிப்படைக் கருத்துகள்

‘விஷவாயு தாக்கி இருவர் பலி’ என்றே மலக்குழி மரணங்கள் பெரும்பாலும் செய்தியாகின்றன. தாக்கியது வாயு, இறந்தவர் தொழிலாளர். அவரைக் குழிக்குள் இறக்கியவர் யார் என்பது மட்டும் அத்தொடரில் இடம்பெறுவதில்லை. முதல் தகவல் அறிக்கையும் பல நேரங்களில் இதே நடையில்தான் எழுதப்படுகிறது. ‘விபத்து’ என்ற சொல் ஆவணத்தில் ஏறிவிட்டால் பிறகு அதை இறக்குவது எளிதன்று. பணியிடப் பாதுகாப்பு, தொழில்சார் உடல்நலம் ஆகியவற்றின் அடிப்படைக் கருத்துகளை நம் செயற்பாட்டாளர்களும் மாணவர்களும் கற்றாக வேண்டியது இதனால்தான். ஒரு மரணம் தவிர்த்திருக்கக் கூடியதா, தவிர்க்க வேண்டிய கடமை யாருடையது என்று கேட்பதற்கு அவை உதவுகின்றன.

முதலில் அபாயம், இடர் என்னும் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். தீங்கு விளைவிக்கும் தன்மை அபாயம். அத்தீங்கு ஒரு மனிதரை வந்தடையும் வாய்ப்பும் அதன் கடுமையும் சேர்ந்தது இடர். மூடிக் கிடக்கும் கழிவுநீர்த் தொட்டியில் அபாயம் உண்டு. ஒருவரை உள்ளே இறங்கச் சொல்லும்போதுதான் அது உயிரிழப்பின் இடராகிறது. அந்த இடரை உருவாக்குபவர் வேலை கொடுப்பவர்.

அபாயத்தின் தன்மையைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். மலக்குழியில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை வாடை கொண்டது. ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 100 பங்கை எட்டியதும் அது முகரும் புலனையே மரக்கச் செய்துவிடுகிறது. வாடை போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கும் தருணமே கொடிய தருணமாகலாம். அதே 100 பங்கைத்தான் உயிருக்கு உடனடி ஆபத்தான அளவாக அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் வகுத்துள்ளது. 1,000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பலாம். இவ்வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். சேற்றைக் கிளறும்போது அதில் கரைந்திருந்த வாயு திடீரென வெளிப்படும். ஆகவே மூடியைத் திறந்து சிறிது நேரம் காத்திருந்தோம் என்பது போதுமான பாதுகாப்பாகாது. விளக்கையோ எரியும் காகிதத்தையோ உள்ளே இறக்கிப் பார்க்கும் வழக்கம் அதைவிட மோசமானது. ஆளைக் கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலும் சுடர் அணையாது. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு வரை இருந்தால் வெடிக்கும்.

இத்தகைய குழிகளை ‘அடைபட்ட இடம்’ என்று துறை வல்லுநர்கள் வகைப்படுத்துகின்றனர். வாயில் குறுகியது, காற்றோட்டம் இல்லை, மனிதர் தொடர்ந்து இருப்பதற்காகக் கட்டப்பட்டதும் இல்லை. இங்கு நிகழும் மரணங்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் காப்பாற்றச் சென்றவர்களுடையவை என்று மேற்சொன்ன அமெரிக்க நிறுவனம் 1986ஆம் ஆண்டு எச்சரிக்கையில் குறிப்பிட்டது. நம் ஊரில் மயங்கியவரைத் தூக்க இறங்குபவர் பல நேரங்களில் அண்ணனாகவோ மகனாகவோ இருக்கிறார். தொழிலைச் சாதி ஒரே தெருவுக்குள், ஒரே உறவுக்குள் அடைத்து வைத்திருப்பதன் விளைவு இது. மீட்புத் திட்டமும் மீட்புக் கருவியும் இல்லாத இடத்தில் உறவுதான் மீட்புப் படையாகிறது.

இவ்வறிவு நமக்குப் புதிதும் அன்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 36, நச்சுவாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் எவரையும் அனுமதிப்பதற்கு நிபந்தனைகள் விதித்தது. தகுதியுடையவர் சோதித்து எழுத்துப்பூர்வமாகச் சான்றளிக்க வேண்டும். அல்லது இறங்குபவர் உரிய சுவாசக் கருவியும், வெளியே ஒருவர் பிடித்திருக்கும் கயிற்றோடு பிணைத்த பட்டையும் அணிந்திருக்க வேண்டும். தொழிற்சாலைத் தொட்டிக்குக் கிடைத்த இந்த அக்கறை, தெருவில் உள்ள பாதாளச் சாக்கடைக்கும் வீட்டுக் கழிவுத் தொட்டிக்கும் வந்து சேரவில்லை.

இனி ‘கட்டுப்பாட்டுப் படிநிலை’. இடரைக் குறைக்கும் வழிகளை வலிமை வரிசையில் அடுக்கும் கருத்து இது. அபாயத்தை அறவே அகற்றுதல் முதல் படி. குறைந்த அபாயமுள்ள ஒன்றால் மாற்றீடு செய்தல் அடுத்தது. பின்னர் பொறியியல் ஏற்பாடுகள், அதன்பின் பயிற்சி, பணி அனுமதிச் சீட்டு போன்ற நிர்வாக ஏற்பாடுகள். தொழிலாளர் உடலில் அணியும் கவசம் கடைசிப் படி. மற்றவை தோற்றால் மட்டுமே அது துணை. அது தோற்றால் அடுத்து உடல்தான். மனிதர் இறங்கத் தேவையற்ற குழாய் வடிவமைப்பும், உறிஞ்சு ஊர்தியும், கேரளத்தில் உருவான பேண்டிகூட் போன்ற இயந்திரமும் மேல்படிகளைச் சேர்ந்தவை.

2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம் எந்தப் படியில் நிற்கிறது? பிரிவு 2(1)(ஈ) ‘அபாயகரமான துப்புரவு’ என்பதை வரையறுக்கும்போது, வேலையளிப்பவர் பாதுகாப்புக் கவசமும் கருவிகளும் வழங்காமல், முன்னெச்சரிக்கைகளை உறுதி செய்யாமல் கையால் சுத்தம் செய்வித்தலே அது என்கிறது. அதாவது கவசம் கொடுத்து இறக்கினால் தடை விலகும் என்று வாதிட இடம் இருக்கிறது. சட்டம் கடைசிப் படியிலிருந்து தொடங்குகிறது என்பதே என் முதன்மையான விமர்சனம். இயந்திரத்தைச் செலுத்த இயலாத சில பணிகளுக்கும், உள்ளாட்சித் தலைமை அலுவலர் காரணங்களைப் பதிவு செய்து எழுத்துப்பூர்வமாக அனுமதிக்கும் தருணங்களுக்கும் விதிகள் விலக்கு அளிக்கின்றன.

நான் நடத்திய வழக்கு ஒன்றில் ஒப்பந்ததாரர் தரப்பு, கையுறையும் முகக்கவசமும் வாங்கிய ரசீதைத் தாக்கல் செய்தது. அம்முகக்கவசம் தூசியைத் தடுக்கும் துணி. எந்த வாயுவையும் அது தடுக்காது. வடிகட்டி பொருத்திய முகமூடிகூட ஆக்சிஜன் தராது, காற்றில் 20.9 விழுக்காடு இருக்க வேண்டிய ஆக்சிஜன் 19.5க்குக் கீழே போனாலே அது குறைபாடாகக் கருதப்படுகிறது. வெளியிலிருந்து காற்று வழங்கும் கருவியே இங்கு கவசம். குறுக்கு விசாரணையில் இதைக் கேட்கும்வரை அந்த ரசீது ஒரு வலுவான எதிர்வாதமாகவே நின்றது. எந்தக் கவசம், எந்த அபாயத்துக்கு என்ற கேள்வியைச் சட்டக் கல்லூரியில் எனக்கு யாரும் கற்பிக்கவில்லை.

மெல்லக் கொல்லும் நோய்களும் உண்டு. எலிக்காய்ச்சல், மஞ்சள் காமாலை, தோல் நோய்கள், சுவாசக் கோளாறுகள் ஆகியவை தொழில் தந்தவை என்று காட்ட, பணியில் சேரும்போதும் பின்னர் குறித்த காலங்களிலும் செய்த மருத்துவப் பரிசோதனைப் பதிவுகள் தேவை. ஒப்பந்தத் தொழிலாளரிடம் பெரும்பாலும் அவை இருப்பதில்லை. தொழிலாளரின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டிலேயே, கல்நார் ஆலைத் தொழிலாளர் தொடர்பான வழக்கில் கூறியிருக்கிறது.

பொறுப்பு யாருடையது? பிரிவு 7 தனிநபர், உள்ளாட்சி, முகமை ஆகிய அனைவரையும், நேரடியாகவோ மறைமுகமாகவோ பணியமர்த்துவதிலிருந்து தடுக்கிறது. ஆகவே வீட்டு உரிமையாளரும் ஒப்பந்தம் விட்ட உள்ளாட்சி நிர்வாகமும் விலகிக்கொள்ள முடியாது. முதல் முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குற்றம் பிணையில் விட முடியாதது. பட்டியல் சாதியினரை இத்தொழிலில் அமர்த்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)(j)-இன் கீழும் குற்றம். இப்பிரிவு முதல் தகவல் அறிக்கையில் இடம்பெற்றுள்ளதா என்று முதல் நாளே பாருங்கள். சாக்கடை மரணங்களுக்கு 2014இல் 10 லட்சமாக இருந்த இழப்பீட்டை, 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம். அவ்வழக்கின் தொடர்ச்சியாக 2025 ஜனவரியில், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் கையால் சாக்கடை சுத்தம் செய்வதை நிறுத்த உத்தரவிட்டது.

இழப்பீடு வழங்கப்பட்டதும் குற்ற வழக்கு தளர்ந்துவிடுவதை நாம் காண்கிறோம். அதற்கு எதிராக நிற்பவை ஆவணங்கள். உள்ளே இறங்க எழுத்துப்பூர்வ அனுமதி அளித்தவர் யார், வாயு அளவைச் சோதித்த பதிவு எங்கே, வெளியே காவல் நின்றவர் யார், ஒப்பந்தப் பத்திரத்தில் இயந்திரத்துக்கு நிதி ஒதுக்கப்பட்டதா என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் உடனே கேட்க வேண்டும். உடற்கூறாய்வின்போது இரத்தத்திலும் சிறுநீரிலும் தயோசல்பேட் அளவைச் சோதிக்குமாறு குடும்பத்தின் சார்பில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடைச் சுவாசித்ததற்கு அது சான்றாகும். திறந்து கிடக்கும் குழியில் வாயுவின் அளவு மாறிவிடும் என்பதால், தீயணைப்புத் துறையோ காவல்துறையோ அன்றே எடுத்த அளவு ஏதேனும் இருந்தால் அதன் நகலையும் அன்றே கேட்டு மனு கொடுங்கள்.