சூப்பர்ஃபண்ட் வழக்குகளில் அரசின் வழக்கறிஞர் கட்டணம்: கீ ட்ரானிக் தீர்ப்பின் ஒரு வாக்கியம்

அமெரிக்காவில் நச்சுக்கழிவு நிலங்களைத் துப்புரவாக்கும் செலவை மாசுபடுத்தியவரிடம் வசூலிக்க வகைசெய்வது 1980-ஆம் ஆண்டின் சூப்பர்ஃபண்ட் சட்டம். அதன்கீழ் வழக்காடி வெல்லும் மத்திய அரசு, தன் வழக்கறிஞர் கட்டணத்தையும் பெற முடியுமா? 1994-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய கீ ட்ரானிக் தீர்ப்பு ‘முடியாது’ என்று முடித்துவிட்டதாக ஒரு சாரார் கொள்கின்றனர். அவரவர் வழக்குச் செலவு அவரவருக்கே என்பது அந்நாட்டுப் பொதுவிதி. சட்டம் வெளிப்படையாகச் சொன்னால்தான் விலக்கு உண்டு. 1986 திருத்தம் சேர்த்த ‘அமலாக்க நடவடிக்கைகள்’ என்ற தொடர் அவ்வளவு வெளிப்படையானதன்று என நீதிமன்றமே கூறியபின் அத்தொடர் எவருக்கும் உதவாது என்பது அவர்கள் வாதம்.

தீர்ப்பின் வாசகம் இதற்கு இடம் தரவில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் கோல்பர்ட் குப்பைக் கிடங்கு தொடர்பான அவ்வழக்கில் கட்டணம் கேட்டது ஒரு தனியார் நிறுவனம். மாசுக்குப் பொறுப்பான பிறரைத் தேடிக் கண்டறிந்த பணிக்குரிய கட்டணம் மட்டும் ஏற்கப்பட்டது. அரசுடன் சமரசம் பேசியதற்கும் வழக்காடியதற்கும் ஆன கட்டணம் மறுக்கப்பட்டது. மறுப்புக்குக் காரணம் கூறும் வாக்கியத்தை நீதிபதி ஸ்டீவன்ஸ் ஒரு விலக்குடன் தொடங்குகிறார்: அரசு கட்டணம் பெறுவதற்கு அத்தொடர் எந்த அளவு ஆதாரமாகும் என்பது பற்றி நீதிமன்றம் கருத்துக் கூறவில்லை. அதன் பின்னரே, தனியார் தொடுக்கும் செலவு மீட்பு வழக்கை உள்ளடக்கும் அளவுக்கு அது வெளிப்படையானதன்று என்கிறார். தொடர் எவருக்குமே பயன்படாது என்பது முடிவானால் அந்த முன்பகுதிக்குத் தேவையே இல்லை.

முடிவு செய்யாமல் ஒதுக்கி வைப்பது வேறு, உரிமை வழங்குவது வேறு என்பது நியாயமான மறுப்பு. இவ்வாக்கியம் அரசின் உரிமையை நிறுவவில்லை; கதவு மூடப்படவில்லை என்பதை மட்டுமே காட்டுகிறது. உரிமைக்கான ஆதாரத்தைச் சட்டத்திலேயே தேட வேண்டும். அங்கே அது இருக்கிறது. பிரிவு 107 தனியாருக்கு ‘தேவையான’ செலவுகளை மட்டும் தருகிறது. அரசுக்கோ துப்புரவுக்கான தேசியத் திட்டத்துக்கு முரண்படாத ‘எல்லா’ச் செலவுகளையும் தருகிறது. பிரிவு 104, செலவை மீட்பதற்கும் சட்டத்தை அமலாக்குவதற்கும் வேண்டிய சட்ட ஆய்வுகளை அரசின் பணிகளுள் ஒன்றாகவே குறிப்பிடுகிறது. சட்டத்தை அமலாக்குவது அரசு. தனியார் தொடுப்பது தன் பணத்தை மீட்கும் வழக்கு. இவ்வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், 1998-இல் சாப்மன் வழக்கில் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசுக்குக் கட்டணம் உண்டு எனக் கண்டது சரியான முடிவாகவே தோன்றுகிறது.

வென்ற பிரதிவாதிக்கு இணையான உரிமை இல்லையே என்ற குறை இங்கே பொருந்தாது. அரசின் நிலைப்பாடு நியாயமற்றதாக இருந்தால், தகுதியுள்ள சிறு தரப்பினர் கட்டணம் பெற 1980-இன் மற்றொரு சட்டம் வழி செய்கிறது. கட்டணம் துப்புரவுச் செலவையே விஞ்சிவிடும் என்ற அச்சம் அதைவிடக் கனமானது. ஆனால் அது தொகையைப் பற்றியதேயன்றி உரிமையைப் பற்றியதன்று. சாப்மன் தீர்ப்பும் நியாயமான கட்டணத்தையே அனுமதித்தது. நியாயமான தொகை எது என்பது விசாரணை நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியது.