ஆக்சலாட்டலும் ஒன்றரை அடித் தொட்டியும்

தர்மபுரியில் இருக்கும் நண்பன் ஒருவன் போன வாரம் போனில் கேட்டான். "டேய், ஒன்றரை அடி மீன் தொட்டி ஒண்ணு சும்மா கிடக்கு. ஆக்சலாட்டல் வளர்க்கட்டுமா?" வீடியோவில் பார்த்திருக்கிறான். தலையின் இரு பக்கமும் இறகு மாதிரி செவுள், எப்போதும் சிரிக்கிற வாய்... யாருக்குத்தான் ஆசை வராது! அளவு சொல்லலாம் என்று தேட ஆரம்பித்து, கடைசியில் வரலாற்றுக்குள் போய்விட்டேன்.

பார்க்கப் பல்லி மாதிரி இருந்தாலும் இது தவளைக்குத்தான் சொந்தம். பிறந்த ஊர், மெக்சிகோ நகரத்தைச் சுற்றியிருந்த ஏரிகள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், கிட்டத்தட்ட நம்ம ஊட்டி உயரம். ஆஸ்டெக் மக்கள் இதைப் பிடித்துச் சாப்பிட்டார்கள். பின்னால் வந்த ஸ்பானியர்கள் வெள்ளத்துக்குப் பயந்து 1607-இல் ஏரித் தண்ணீரை வெளியேற்ற ஆரம்பித்தார்கள். இன்று இதற்கு மிஞ்சியிருப்பது சோச்சிமில்கோ கால்வாய்கள்தான்.

1864-இல் 34 ஆக்சலாட்டல்கள் கப்பலேறி பாரிஸ் போய்ச் சேர்ந்தன. அதில் ஆறு, ஆகுஸ்த் துய்மேரில் என்ற விலங்கியலாளரிடம் வந்தன. ஐந்து ஆண், ஒரே ஒரு பெண். அடுத்த வருடமே முட்டையிட்டுப் பெருகின. ஆனால் குஞ்சுகளில் சில, செவுளை இழந்து தரைவாழ் பிராணியாக மாறிவிட்டன! பெரியவை அப்படியே இருக்க, பிள்ளைகள் மட்டும் வேறு உருவம். 1870-களில் மரி ஃபொன் ஷோவின் என்ற பெண்மணி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தே இந்த மாற்றத்தை வரவழைத்துக் காட்டினார். காரணம் தைராய்டு என்பது 1920-இல் ஜூலியன் ஹக்ஸ்லி தைராய்டு சுரப்பியை ஊட்டிப் பார்த்தபோது தெளிவானது.

இன்று உலகெங்கும் தொட்டிகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்த பாரிஸ் கூட்டத்தின் வாரிசுகள். சொந்த ஊரிலோ, 1998-இல் சதுர கிலோமீட்டருக்கு 6,000 இருந்தது, 2014-இல் வெறும் 36.

சரி, தொட்டிக்கு வருவோம். தலைமுறை எத்தனை ஓடினாலும் உடம்பு அந்த ஏரியை மறக்கவில்லை. வளர்ந்தால் 20 முதல் 30 செ.மீ. நீளம் வரும். அடித்தரையில் நடக்கிற பிராணி, அதனால் தொட்டியின் உயரத்தைவிட தரைப்பரப்பு முக்கியம். ஒன்றுக்குக் குறைந்தது 75 லிட்டர் என்பார்கள், 150 இருந்தால் நல்லது. கழிவு அதிகம், சின்னத் தொட்டியில் அம்மோனியா சீக்கிரம் ஏறிவிடும். நண்பனின் தொட்டிக்குக் கணக்குப் போட்டேன், 30 லிட்டர்கூட வரவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் சூடு. இதற்கு 16-18 டிகிரி வேண்டும், 24-ஐத் தாண்டினால் அவதிதான். தர்மபுரி சித்திரை வெயிலில் தண்ணீர் என்ன ஆகும்? பெரிய தொட்டி மெதுவாகச் சூடாகும், அவ்வளவுதான். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் ஆகாது. போதாததற்கு, 2022-இல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அரசிடம் பதிவும் செய்ய வேண்டும்.

சில்லர் விலையைக் கேட்டதும் நண்பன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. நேற்று கப்பி மீன் ஆறு வாங்கி விட்டிருக்கிறானாம்.