பாடக்குழுவின் தோற்றமும் வளர்ச்சியும்

கல்லூரிப் பாடம் ஒன்றை நடத்தும் முறை தனியொரு பேராசிரியரின் உரிமை என்பது பல்கலைக்கழக உலகில் நெடுங்காலம் வேரூன்றி நின்ற கொள்கையாகும். பாடத்திட்டக் குழு நூற்பெயர்களை வரையறுக்கும். வகுப்பறைக் கதவு சாத்தப்பட்டபின் நிகழ்வதை உடன் பணிபுரிவோர் அறியார். இக்கொள்கையை அடியோடு மாற்றியது பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அமைத்த பாடக்குழுவே எனலாம். அதன் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

வானொலி, தொலைக்காட்சி வழியே கற்பிக்கும் பல்கலைக்கழகம் என்னும் கருத்தை ஹரால்டு வில்சன் 1963-இல் கிளாஸ்கோ நகரில் வெளியிட்டார். அமைச்சர் ஜென்னி லீயின் தளரா ஊக்கத்தால் அஃது உருப்பெற்று, 1969-இல் அரச பட்டயம் எய்தியது. 1971 சனவரியில் ஏறத்தாழ 24,000 மாணவர் கற்கத் தொடங்கினர்.

பாடக்குழு பிறந்தது கொள்கைப் பற்றினால் அன்று. தேவையினால் என்பதே எம் கருத்து. வகுப்பில் நிற்கும் ஆசிரியர் மாணவர் முகத்தில் மயக்கம் கண்டால் மீண்டும் விளக்குவார். அச்சிட்ட பாடத்திற்கு அவ்வாய்ப்பில்லை. அதில் புகுந்த மயக்கம் ஆயிரக்கணக்கான படிகளிலும் மயக்கமாகவே செல்லும். ஆகவே ஒவ்வொரு பாடத்திற்கும் துறையாசிரியர் பலர், கல்வித் தொழில்நுட்ப வல்லுநர், பதிப்பாசிரியர், பி.பி.சி. நிறுவனத்தின் நிகழ்ச்சி அமைப்பாளர் ஆகியோர் ஒருங்கே அமர்ந்தனர். ஒருவர் எழுதிய வரைவு அனைவர் கைக்கும் சென்றது. எழுதியவர் எதிரிலேயே அதன் குறைகள் ஆராயப்பட்டன. திருத்திய வரைவு மீண்டும் சுற்றுக்கு வந்தது.

தம் துறைத்தோழர் கூறும் குறையைப் பேராசிரியர் பொறுத்தல் அரிது. துறையறியாப் பதிப்பாசிரியர் ‘விளங்கவில்லை’ எனக் கூறுவதைப் பொறுத்தல் அதனினும் அரிது. ஆயினும் அக்கூட்டத்தில் மாணவர்க்கு மிக அணுக்கமாக நின்றவர் அவரே. தொல்காப்பியம் அதங்கோட்டாசானுக்குக் குற்றமறக் காட்டப்பெற்ற செய்தியைப் பாயிரத்தில் பயின்ற நமக்கு இந்நெறி முற்றும் புதிதன்று. எனினும், அங்கே கேட்டவர் புலமை மிக்க ஆசான்; ஈண்டோ அத்துறை பயிலாதவருக்கும் கேட்கும் உரிமை கிட்டியது.

முதல் துணைவேந்தர் வால்ட்டர் பெர்ரி, உயர்கல்விக்குத் தம் பல்கலைக்கழகம் அளித்த கொடைகளுள் பாடக்குழுவைத் தலையாயதாக மதித்தார். மறுப்பும் உள்ளிருந்தே எழுந்தது. சமூக அறிவியல் புலத்தின் முதல் தலைவரான மைக்கேல் டிரேக் 1979-இல் எழுதிய கட்டுரைக்கு இட்ட தலைப்பே ‘பாடக்குழுவின் சாபம்’ எனப் பொருள்படும். கூட்டங்களும் வரைவுகளும் ஆசிரியர்தம் காலத்தை விழுங்கி, ஆய்வுப்பணியைக் குன்றச் செய்கின்றன என்பது அவர் வாதம். இதனை எளிதில் தள்ளுதற்கில்லை. ஆராய்ச்சியால் பதவி உயர்வு கிட்டும் இடத்தில், பெயர் தனித்துத் தோன்றாப் பணிக்கு ஆண்டுக்கணக்கில் உழைப்பவர் இழப்பது சிறிதன்று.

இந்தியாவில் 1985-இல் நிறுவப்பெற்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இம்முறையைத் தன் நிலைக்கேற்ப மேற்கொண்டது. பாடப்பகுதிகளை எழுதினோர், பொருள் திருத்தினோர், மொழி திருத்தினோர் பெயர்களை அதன் பாடநூல்களின் முற்பக்கங்களில் காணலாம். ஆயின், வெளியிலுள்ள பேராசிரியர் எழுதியனுப்ப, உள்ளிருப்போர் திருத்தி ஒழுங்குபடுத்துதலே அங்குப் பெரும்பான்மை வழக்கு. எழுதியவரும் திருத்துவோரும் நேரெதிர் அமர்ந்து வாதிட்ட பழைய குழுவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஆய்வாளர் கருதுதல் வேண்டும்.