ஸ்டாண்டர்டு ஹெரால்டு

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பது சென்னையிலிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் 1971 வரை தயாரித்த தானுந்து ஆகும். இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டே இதன் மூலம். அதனை வடிவமைத்தவர் இத்தாலியரான மிச்செலோட்டி.

மூலத்தன்மையும் மதிப்பும்

இவ்வண்டியின் கூடு அடிச்சட்டத்திலிருந்து தனியானது. பகுதி பகுதியாகத் திருகாணிகளால் பூட்டப்பட்டது. ஆகையால் ஒன்றின் கூட்டை மற்றொன்றின் சட்டத்தில் ஏற்றுதல் எளிது. விற்பனைக்கு வரும் வண்டியில் வண்ணப்பூச்சின் பளபளப்பைவிட, அடிச்சட்ட எண்ணும் எந்திர எண்ணும் பதிவுச் சான்றிதழோடு ஒத்துள்ளனவா என்பதே முதலில் பார்க்கத்தக்கது. பின்னர் வந்த ஸ்டாண்டர்டு கசெல் (1972-1977) வண்டியிலும் அதே 948 கன செ.மீ. எந்திரமே இருந்தது. எனவே மாற்றப்பட்ட எந்திரத்தைத் தோற்றத்தால் அறிவது கடினம், எண்ணே காட்டிக்கொடுக்கும். பின் அச்சு அவ்வாறன்று. ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடுபவை. கசெலில் ஒரே கெட்டி அச்சு இரண்டையும் இணைக்கிறது. குனிந்து பார்த்தாலே வேறுபாடு தெரியும்.

நான்கு கதவு வடிவம் இந்தியாவுக்கே உரியது. பிரித்தானிய ஹெரால்டு இரு கதவுகளே கொண்டதால் பின்கதவுகளை அங்கிருந்து தருவிக்க இயலாது. அவை துருவேறிய வண்டி மலிவாகக் கிடைத்தாலும் சீரமைப்புச் செலவு விலையை விழுங்கிவிடும்.

நடுவண் அரசின் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, அடிச்சட்டம், கூடு, எந்திரம் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்யப்படாத ஊர்தியே 'விஏ' வரிசையில் பழம்பெரும் ஊர்தியாகப் பதியப்படும். புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய்; அது 10 ஆண்டுகள் செல்லும். வேற்று எந்திரம் பூட்டிய ஹெரால்டு விலையோடு இத்தகுதியையும் இழக்கக்கூடும்.